கொசு, கரையான், எலி, புறா: கடலோர வீட்டைக் காப்பது

எண்ணூரில் தொடங்கி நாகப்பட்டினம் வரை கடலை ஒட்டியிருக்கும் ஊர்களில், பூச்சிக்காக ஆகும் செலவை எந்த வீட்டிலும் தனிக் கணக்காக எழுதுவதில்லை. கொசுவத்தி, திரவக் குப்பி, கரப்பான் ஸ்பிரே, எலிக் கேக், சாக்பீஸ் எல்லாம் மளிகைச் சீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. கொஞ்சம் வசதியுள்ள அடுக்குமாடிகளில் ஆண்டு ஒப்பந்தம் போட்டு மருந்தடிக்க ஆள் வருகிறார்கள்; பால்கனிக்குப் புறா வலை கட்டுகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் அடுத்த ஐப்பசியில் கொசு மொய்க்கிறது, அடுத்த கோடையில் கரையான் நிலைப்படியில் ஏறுகிறது. காரணம் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணெதிரே வந்து நிற்பதைக் கொல்லவே நம் காசில் பெரும்பகுதி போகிறது. அது பிறக்கும் இடத்தையும் நுழையும் வழியையும் அடைக்க மிகக் குறைவாகவே செலவிடுகிறோம். பிறக்கும் இடமோ பெரும்பாலும் நம் வாசலுக்கு வெளியே, மொட்டைமாடியிலோ அடுத்த மனையிலோ தெரு வடிகாலிலோ இருக்கிறது.

கடலோரம் இந்த உயிர்களுக்கு வாகான நிலம். வடநாட்டில் குளிர்காலம் வந்து பூச்சிகளின் பெருக்கத்தை இரண்டு மூன்று மாதமாவது மட்டுப்படுத்தும். சென்னையில் தை மாத விடியற்காலையில்கூட வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. காற்றில் ஈரம் ஆண்டு முழுவதும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்க்கிறது, பிறகு கோடையில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. மழையில் தண்ணீர் தானாகத் தேங்குகிறது. பஞ்சத்தில் நாம் தேக்கிவைக்கிறோம். கொசுவுக்கு இரண்டும் ஒன்றுதான். உப்புக் காற்று வேறு. சாதாரணக் கம்பிவலை சில ஆண்டுகளிலேயே துருவேறி ஓட்டை விழுகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் புடைத்து வெடிப்பு விடுகிறது, அந்த வெடிப்பு எறும்புக்கும் கரையானுக்கும் வழியாகிறது.

வீட்டுக்கு வரும் கொசுக்களில் மூன்று வகை முக்கியமானவை. மூன்றும் பிறக்கும் தண்ணீர் வேறு, கடிக்கும் நேரம் வேறு. மாலையிலும் இரவிலும் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பிறக்கிறது, சில கிலோமீட்டர்கூடப் பறந்து வரும், யானைக்கால் நோயைப் பரப்பும். புதுச்சேரியில் 1975-இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம் இந்தக் கொசுவைத்தான் முதலில் கையிலெடுத்து, ஊரின் தண்ணீர் நிற்கும் இடங்களையெல்லாம் தேடித்தேடிச் சரிசெய்தது. செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் ஒரு துண்டு நைலான் வலையைக் கட்டிவிட்டால் அந்த வழியே கொசு உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. மூடியின் விளிம்பில் உள்ள இடுக்கைச் சிமெண்டால் பூசிவிட்டால் வேலை முடிந்தது. ஒரு கொசுவத்திப் பெட்டியின் விலைதான் ஆகும். ஆனாலும் மொட்டைமாடியில் நின்று சுற்றிப் பார்த்தால் வலை கட்டிய குழாய்களை எண்ணிவிடலாம்.

பகலில் கணுக்காலைக் கடிப்பது ஏடிஸ். கால்களில் வெள்ளை வரி இருக்கும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொண்டுவருவது இதுதான். நல்ல தண்ணீர் நிற்கும் சின்னச் சின்ன இடங்கள்தான் இதற்குப் பிடிக்கும்: பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, மணிப்ளாண்ட் வைத்த பாட்டில், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், டயர், கொட்டாங்கச்சி, லிஃப்ட்டின் அடிக்குழி, கட்டடம் கட்டும் இடத்தில் கியூரிங்குக்குத் தேக்கிய தண்ணீர். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகிறது, அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் காயவிடச் சொல்கிறார்கள். பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. இந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கிறது. அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, தண்ணீர் தொட்டதும் பொரிந்துவிடும். எனவே டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டினால் போதாது, உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவவேண்டும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது வீட்டுக்கு வீடு டிரம்களும் குடங்களும் வரிசைகட்டின. அப்படித் தண்ணீர் சேமிக்கும் நகரத்தில், குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வருவதே டெங்குத் தடுப்பின் முதற்படி என்று சொன்னால் அது மிகையாகாது.

மூன்றாவது, மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலஸ் ஸ்டெஃபென்சி. மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் பிறக்கும் இந்த நகரத்துக் கொசுவால்தான் தமிழகத்து மலேரியாவில் பெரும்பங்கைச் சென்னை பல ஆண்டுகள் சுமந்தது. இப்போது அந்நோய் வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் கொசு போய்விடவில்லை. 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இது கண்டறியப்பட்டது பெருங்கவலையை எழுப்பியது, அதுவரை அக்கண்டத்தில் மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோயாக இருந்ததால். இலங்கை 2016-இல் மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார அமைப்பின் சான்று பெற்ற கையோடு மன்னாரில் இதே கொசு கிணறுகளில் தென்பட்டது. கப்பலும் படகும் போகும் கடற்கரையெல்லாம் இது போய்ச் சேரக்கூடும். தொட்டியின் மூடி சரியாக மூடினால் இது பிறக்காது. வெயிலில் வெடித்த பிளாஸ்டிக் மூடியின் மேல் செங்கல் வைத்திருக்கும் தொட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மன்னார் நினைவு வருகிறது.

மக்கள் கேட்பது புகை. வார்டு உறுப்பினரிடம் வைக்கும் கோரிக்கைகளில் முதலிடம் அதற்குத்தான், ஏனென்றால் புகையடிப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை. அது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவைத் தொடாது, வீட்டுக்குள் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் ஏடிஸை எட்டாது. இரண்டு மூன்று நாளில் புதுக் கொசு வந்துவிடும். டெங்கு வெடித்த தெருவில் அவசரத்துக்கு அதற்கு இடமுண்டு. மற்ற நாட்களில், வீடு வீடாக வந்து தொட்டியை எட்டிப் பார்க்கும் பணியாளர்தான் பயனுள்ளவர். அவருக்கு நாம் கேட்டைத் திறப்பதில்லை, மொட்டைமாடிச் சாவி இல்லை என்று திருப்பி அனுப்புகிறோம்.

வீட்டுக்குள் கொளுத்தும் கொசுவத்தி பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சீனத்திலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களைச் சோதித்து, ஒரு சுருள் எரியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று கணக்கிட்டது. கதவடைத்த படுக்கையறையில் குழந்தையின் தலைமாட்டில் அதை வைக்கிறோம். ஒலியெழுப்பிக் கொசுவை விரட்டும் என்று விற்கப்படும் மின்கருவிகளை 2007-இல் காக்ரேன் ஆய்வுக் குழு பத்துக் களச்சோதனைகளை வைத்து மதிப்பிட்டது; எந்தப் பயனும் காணவில்லை. நொச்சி இலையைப் புகைபோட்டால் கொசு கொஞ்சம் விலகும், ஆனால் நொச்சிச் செடியைத் தொட்டியில் வளர்த்துவிட்டால் போதும் என்பது நம்பிக்கைதான். மறுபக்கம், ஜன்னலுக்கு நல்ல வலையும் படுக்கைக்குக் கொசுவலையும் எந்த நச்சுமில்லாமல் வேலை செய்கின்றன. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால், 316 என்ற தரமுள்ள எஃகு வலையைக் கேட்டு வாங்குங்கள். 304-ஐவிட உப்பைத் தாங்கும், முதலில் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டியதில்லை.

கிணற்றிலும் குட்டையிலும் கம்பூசியா மீன் விடுவது பழைய வழக்கம். 1928-இல் இந்தியாவுக்கு வந்த அயல்நாட்டு மீன் அது. உள்ளூர் மீன்குஞ்சுகளையும் தவளை முட்டைகளையும் தின்றுவிடுவதால், அடைபட்ட கிணற்றுக்கு வெளியே, ஏரி குளத்தில் அதை விடக்கூடாது. கழுவிக் காயவிட முடியாத தண்ணீருக்கு இன்னொரு வழி, 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலையில் கண்டெடுக்கப்பட்ட பிடிஐ என்ற பாக்டீரியம். கொசுப்புழுவின் குடலைத்தான் அது தாக்கும், மனிதருக்கும் மீனுக்கும் தீங்கில்லை. புதுச்சேரி மையம் இதன் உள்ளூர் வகையையும் உருவாக்கியிருக்கிறது. அதே மையம் 2022-இல், வோல்பாக்கியா என்ற பாக்டீரியத்தை ஏடிஸ் கொசுவுக்குள் செலுத்தி, டெங்குக் கிருமி வளரமுடியாத கொசு வகைகளை வளர்த்துவிட்டதாக அறிவித்தது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இம்முறை டெங்குவை 77 விழுக்காடு குறைத்தது. நம் ஊரில் அது தெருவுக்கு வரும் நாள் வரட்டும், அதுவரை நாரும் வலையும்தான்.

கரையானுக்கு வருவோம். பயத்தை வைத்துப் பெருவியாபாரம் நடப்பது இங்கேதான். முதல் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றி ஈசல் பறந்ததும் பலர் பதறிப்போய் ஆளை அழைக்கிறார்கள். ஈசல் வெளியிலிருந்து வந்தால் கவலையில்லை, விளக்கை அணைத்தால் போய்விடும். வீட்டுச் சுவரிலிருந்தோ கதவு நிலையிலிருந்தோ கிளம்பினால்தான் உள்ளே குடியிருப்பு இருக்கிறது என்று பொருள். நம் பக்கத்தில் மிகுதியாகக் கெடுப்பது மண்ணில் வாழும் கரையான். அதற்கு ஈரம் வேண்டும், அதனால் காற்றுப் படாமல் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டே சுவரேறும். சுவரின் அடியில் விரல்கனத்தில் ஓடும் அந்த மண்கோட்டை மாதம் ஒருமுறை தேடிப் பார்ப்பதுதான் மிகச் சிறந்த பரிசோதனை. கோட்டை உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், திரும்பக் கட்டியிருந்தால் உயிரோடிருக்கிறது. கரையான் வந்த இடத்துக்கு அருகில் பெரும்பாலும் ஓர் ஒழுக்கு இருக்கும்: குளியலறைக் குழாய், ஏசி வடிகுழாய், ஓதம் ஏறும் சுவர். ஒழுக்கை நிறுத்தாமல் மருந்தடிப்பது வீண்.

வீடு கட்டும்போதே செய்யவேண்டியதை இந்தியத் தரநிலை 6313 தெளிவாகச் சொல்கிறது: அஸ்திவாரக் குழியிலும் தளத்தின் அடிமண்ணிலும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், சுவரை ஒட்டி நிரப்பும் மண்ணில் 7.5 லிட்டர் மருந்துக் கலவை. கட்டிய வீட்டுக்கு, தரையும் சுவரும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளையிட்டு மருந்தைச் செலுத்துவார்கள். ஒரு காலத்தில் இதற்கு ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் எல்லாம் ஊற்றினார்கள். மண்ணில் பல பத்தாண்டுகள் நின்று உடம்பின் கொழுப்பில் சேரும் நச்சு என்பதால் அவை தடைசெய்யப்பட்டன. பிறகு வந்த குளோர்பைரிஃபாஸும் 2025-இல், இப்படி நீடித்து நிற்கும் நச்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இன்று இமிடாகுளோப்ரிட் போன்றவை பரவலாகியிருக்கின்றன.

திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை உள்ள வீடுகளுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை தேவை. மணல் மண். கிணற்றுத் தண்ணீர் அதிக ஆழத்தில் இல்லை, கிணறோ அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில். களிமண்ணும் மட்கிய மண்ணும் மருந்தைப் பிடித்துவைப்பதுபோல் மணல் பிடித்துவைக்காது. குடிநீர்க் கிணற்றில் மருந்து கலக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று தரநிலையே சொல்கிறது. மருந்தடிக்க வருபவர் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. நாமே கேட்கவேண்டும். கிணற்றருகே துளையிட்டு ஊற்றுவதைவிட, கரையான் தின்று கூட்டுக்குக் கொண்டுபோகும் இரைப்பெட்டி வைப்பது நல்லது. மெதுவாகத்தான் பலிக்கும், சில மாதம் பிடிக்கும். மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பாதிக் காப்பு இருக்கிறது. முற்றிய பனங்கைமரமும் தேக்கின் வைரமும் கரையானுக்கு எளிதில் மசியாது. சமையலறை அலமாரிக்கு மலிவான பலகை போட்டுவிட்டு ஆண்டுதோறும் மருந்துக்குச் செலவழிப்பதற்கு, 710 என்ற தர எண்ணுள்ள மரைன் பிளைவுட் போட்டு, சுவருக்கும் அதற்கும் இடையே விரலிடை விடச்சொன்னால் ஆசாரி செய்துகொடுப்பார்.

எலி விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே எலியைவிட மருந்து அதிகம் கொல்கிறது. கடைகளில் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை பல ஆண்டுகள் கேட்பாரின்றி விற்கப்பட்டது. தின்றவருக்கு முதல் நாள் வயிற்றுவலியும் வாந்தியும் வரும், பிறகு தேறியதுபோல் தெரியும். சில நாளில் கல்லீரல் செயலிழக்கும். மாற்றுமருந்து கிடையாது. தற்கொலைக்கும் விபத்துக்கும் அது இவ்வளவு எளிதாகக் கைக்கெட்டியதால் தமிழ்நாடு அரசு அதைத் தடைசெய்தது. பழைய இருப்பு எங்காவது பரணில் கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். யாராவது தின்றுவிட்டால், நன்றாகத்தான் இருக்கிறார் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்கு மருந்து வைக்கப்பட்ட வீட்டில் ஏசி போட்டுக் கதவடைத்துத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எந்த நச்சுப்பொடியையும் மூடிய படுக்கையறையில் வைக்கலாகாது என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டாம். தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயுவை விடும். கடலோர ஈரத்தில் வேகமாகவே விடும். அந்த வாயு சுவரிடுக்கு வழியே பக்கத்து அறைக்கும் போகும். சட்டப்படி அதைப் பயன்படுத்தப் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களுக்கு மட்டுமே உரிமை. மூட்டைப்பூச்சிக்கும் எலிக்கும் அதை வீட்டில் வைக்கச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எலி வருவது சாப்பாட்டுக்கும் ஓட்டைக்கும்தான். சுண்டெலி பென்சில் நுழையும் துளையிலேயே நுழைந்துவிடும். வீட்டெலி தென்னை வழியாகவும் கேபிள் வழியாகவும் மாடிக்கு ஏறும். பெருச்சாளி சாக்கடையிலிருந்து மண்ணைத் தோண்டிக்கொண்டு, மழைக்காலத்தில் மதில் சுவரின் அடியையே அரித்துவிடும். ஒவ்வொன்றுக்கும் அடைக்கும் இடம் வேறு: சுவரைத் துளைத்துப்போகும் குழாயைச் சுற்றிக் கம்பிநார் திணித்துச் சிமெண்ட் பூசுவது, கழிவுக்குழாய் வாய்க்கு இரும்பு ஜாலி, மொட்டைமாடியைத் தொடும் கிளையை வெட்டுவது, தென்னந்தண்டில் தகரப் பட்டை. பிறகு கூண்டுப் பொறி. மருந்துதான் வேண்டுமென்றால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் கட்டிகளைப் பூட்டிய பெட்டிக்குள் வைக்கலாம். அவற்றுக்காவது வைட்டமின் கே என்ற மாற்றுமருந்து இருக்கிறது. ஆனால் அதைத் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் அதே நச்சு போகும். கீச்கீச்சென்று சுவரோரம் ஓடும் மூஞ்சூறையும் எலியென்று நினைத்து மருந்து வைக்கிறோம். அது எலியினமே அல்ல, கரப்பானையும் பூச்சியையும் தின்பது. எலி பெருகிய வீட்டுக்குச் சாரையும் நல்லபாம்பும் தேடிவரும் என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடியேறியவர்களுக்குத் தெரிந்ததே. வெள்ளம் வடிந்த தெருவில் எலியின் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் என்ற நோய் வருகிறது. காலில் புண்ணோடு அந்தத் தண்ணீரில் இறங்கியவருக்குக் காய்ச்சல் கண்டால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

கரப்பான் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரியது சாக்கடையிலிருந்து வருகிறது, சமையலறையில் குடியிருக்கும் சின்னது வேறு இனம். ஜெர்மன் கரப்பான் என்று பெயர் பெற்ற அந்தச் சின்னது, இந்தியா அல்லது மியான்மர் பகுதியின் ஒரு காட்டுக் கரப்பானிலிருந்து ஏறத்தாழ 2,100 ஆண்டுக்கு முன் பிரிந்தது என்று 2024-இல் மரபணு ஆய்வு காட்டியது. பெரியதற்கு, குளியலறைத் தரையிலுள்ள நஹானி டிராப்பில் தண்ணீர் நிற்கவேண்டும், இரவில் ஜாலியை மூடிவைக்கவேண்டும். சின்னதற்கு ஸ்பிரே அடித்தால் சிதறி அடுத்த அறைக்குப் போகும். அலமாரிக் கீல்களில் துளித்துளியாக வைக்கும் ஜெல்தான் சரி. தின்ற கரப்பானின் எச்சத்தையும் பிணத்தையும் மற்றவை தின்று மருந்து கூடுவரை போகிறது. ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் இரண்டும் கெடும். ஸ்பிரேக்களில் ஒருகாலத்தில் இருந்த டைகுளோர்வாஸ் 2020 இறுதியோடு இந்தியாவில் தடையாகிவிட்டது. பழைய டப்பா இருந்தால் லேபிளைப் பாருங்கள். 

பறவைக் கட்டுப்பாடு என்பது இன்று பெரும்பாலும் புறாக் கட்டுப்பாடுதான். மாடப்புறா இயல்பில் மலைப்பாறை இடுக்கில் கூடுகட்டும் பறவை. நாம் கட்டியிருக்கும் அடுக்குமாடிகளில் சன்ஷேடு, குழாய் இறங்கும் டக்ட், ஏசி வெளி யூனிட்டின் பின்புறம் எல்லாம் அதற்குப் பாறையிடுக்குகள். முறைக்கு இரண்டு முட்டை, பதினெட்டு நாள் அடை, ஒரு மாதத்தில் குஞ்சு பறக்கும். நம் வெப்பத்தில் ஆண்டு முழுவதும் இது நடக்கிறது. நகரங்களில் அவை பெருகி வருவதற்கு, புண்ணியமென்று மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவதும் ஒரு காரணம். மும்பையில் 2025-இல் மாநகராட்சி புறாத் தீனிக் கூடங்களை மூடியபோது பெரும் போராட்டமும் உயர்நீதிமன்ற வழக்கும் எழுந்தன. பசித்த உயிருக்கு இரையிடும் மனம் தவறல்ல. ஒரே இடத்தில் ஆயிரம் பறவையைக் கூட்டுவதுதான் தொல்லை.

உடல்நலப் பயம் எந்த அளவு உண்மை? உலர்ந்த எச்சத்தின் தூசியை நெடுநாள் சுவாசிப்பவருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி வரலாம், அது இறுகித் தழும்பாகவும் மாறலாம். இந்தியாவில் 27 மையங்களில் 1,084 நோயாளிகளைப் பதிவுசெய்து 2017-இல் வந்த ஆய்வில், இத்தகைய நுரையீரல் நோய்களில் 47 விழுக்காடு இந்த ஒவ்வாமை அழற்சிதான். ஆனால் அவர்களில் பலருக்குக் காரணமாகத் தெரிந்தது ஏர்கூலரின் பூஞ்சை. பறவை அதற்கு அடுத்துத்தான். கூலரின் பஞ்சைக் கழுவாமல் புறாவை மட்டும் திட்டுவது சரியல்ல. எச்சத்தைக் கூட்டும்போது முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு வழித்தெடுக்க வேண்டும். காய்ந்ததைத் துடைப்பத்தால் தட்டுவதுதான் ஆபத்து.

வலைதான் பலிக்கும் முறை, ஒழுங்காகக் கட்டினால். நைலான் வலை வெயிலில் நைந்துபோகும். தளர்ந்தால் பறவை சிக்கித் தொங்கிச் சாகும், கிளியும் மைனாவும்கூட. இறுக்கமாகக் கட்டி, ஆண்டுக்கொருமுறை ஓரத்தைப் பார்க்கவேண்டும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் ஒரு மாதம் பொறுத்து, பறந்தபின் கட்டுங்கள். சன்ஷேடின் மேற்பரப்பை 45 டிகிரிக்குமேல் சரிவாகப் பூசிவிட்டால் புறாவால் உட்கார முடியாது, இது கட்டடம் பூசும்போதே கொத்தனாரிடம் சொல்லவேண்டியது. மினுக்கும் நாடாவும் பிளாஸ்டிக் ஆந்தையும் சில நாள்தான், பறவை பழகிவிடும். மீயொலிக் கருவி வீண்: அந்த ஒலி பறவையின் காதில் விழவே விழாது. நஞ்சு வைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத்தடுப்புச் சட்டப்படி குற்றம். முன்பு காகத்தையும் பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர் என்று ஒதுக்கிய அட்டவணையும் 2022-இல் திருத்தப்பட்ட வனவுயிர்ச் சட்டத்தில் நீக்கப்பட்டுவிட்டது.

காகம் நமக்குப் பகையல்ல. ஆனால் நம் காகம் போன கரைகளில் பெருந்தொல்லையாகியிருக்கிறது. மலேசியாவின் கிள்ளான் பகுதிக்கு 1890-களில் காப்பித் தோட்டப் புழுவைத் தின்ன இலங்கையிலிருந்து கொண்டுபோனார்கள்; பின்னாளில் அங்கே துப்பாக்கியால் சுட்டார்கள். கென்யா 2024-இல் கடற்கரையோரத்தில் பத்து லட்சம் காகங்களைக் கொல்லத் திட்டமிட்டது. கொன்ற இடத்தில் குப்பை அப்படியே கிடந்தால் மறுபடி காகம் வரும். இங்கே கோடையில் குஞ்சு வைத்த காகம் தலையில் கொத்தினால் சில வாரம் குடை பிடித்துப் போவதே போதும். காக்கைக்கு வைக்கும் சோற்றை அளவாக வைத்து, பொழுது சாயுமுன் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இரவில் அது எலிக்குத்தான் போய்ச்சேர்கிறது. பல்லியையும் கூகையையும் விரட்டாதீர்கள். வீட்டில் கூகை கத்தினால் ஆகாது என்று கல்லெறிகிறோம். எலி பிடிக்க இரவு முழுவதும் கூலியில்லாமல் உழைப்பது அதுதான்.

மருந்தடிக்க ஆளை வைத்தாலும் கேட்கவேண்டியதைக் கேட்கலாம். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒவ்வொரு டப்பாவிலும் பெயரும் பதிவெண்ணும் நச்சளவைக் காட்டும் முக்கோணமும் இருக்கும்: சிவப்பு மிகக் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. லேபிளில்லாத பாட்டிலில் கலந்துகொண்டு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்கவேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். எங்கே ஓட்டை, எங்கே ஒழுக்கு என்று முதலில் சுற்றிப் பார்த்துச் சொல்பவர்தான் தொழில் தெரிந்தவர்.

இதற்கு மேல் தனி வீட்டால் செய்யமுடியாத பகுதி இருக்கிறது. சிங்கப்பூரில் அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்த்து, கொசுப்புழு இருந்தால் அபராதம் போடுகிறார்கள். நம்மிடமும் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு பிறக்கவிட்ட உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்க வழி இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் வந்த வீட்டின் வாசலிலேயே, மழைநீர் மட்டும் ஓடவேண்டிய வடிகாலில் கழிவுநீர் ஆண்டெல்லாம் நிற்கிறது. அங்கே பிறக்கும் கியூலெக்ஸுக்கு எந்த வீட்டுக்காரரும் பொறுப்பல்ல. 2022 முதல் நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. அங்கே போய் இனிப் புகை கேட்கவேண்டாம். நம் தெரு வடிகாலில் எத்தனை கழிவுநீர் இணைப்புகள் திருட்டுத்தனமாகச் சேர்ந்திருக்கின்றன, அவை புரட்டாசிக்குள் துண்டிக்கப்படுமா என்று கேட்டு, பதிலை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.